தோட்டம் போச்சு, அப்பார்ட்மென்ட் வந்தது: இடாலோ கால்வினோ ஏன் கற்பனை நகரங்களுக்குப் போனார்?

கடலைப் பார்த்தபடி ஒரு மலைச்சரிவு. அதில் ஒரு வீடு, சுற்றிலும் தோட்டம். அப்பா இறந்துவிட்டார். வரி கட்டப் பணம் வேண்டும். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மரத்தை வெட்டி அப்பார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் தோட்டத்தில் ஒரு துண்டை பில்டரிடம் கொடுத்தால் என்ன என்று இரண்டு மகன்கள் யோசிக்கிறார்கள். மூத்தவர் நிறையப் படித்தவர், இடதுசாரி, ஊர் கான்கிரீட் ஆவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர். அந்த டீலில் ஆர்வமாக இறங்குவதும் அவரேதான்.

இது இத்தாலிய எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1957-ல் வெளியிட்ட ஒரு குறுநாவலின் கதை. தலைப்பு, 'கட்டட ஊக வணிகம்'. கதை நடப்பது இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில். அங்கே சான்ரெமோ என்ற ஊரில் கால்வினோ குடும்பத்துக்கும் ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. கதையில் வரும் பல விஷயங்கள் அந்தத் தோட்டத்தில் நிஜமாகவே நடந்தவை.

உலகம் அவரை இந்தக் கதைக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. 'புலப்படாத நகரங்கள்', 'குளிர்கால இரவில் ஒரு பயணி' போன்ற விநோதமான புத்தகங்களை எழுதிய பின்நவீனத்துவ நட்சத்திரமாகத்தான் தெரியும். தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அவர் பழைய பெயர். நாட்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோது இல்லாத நகரங்களைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் என்று அவர் மீது ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அது நியாயமா? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் அவ்வளவு நேராக இல்லை.

விஞ்ஞானிகள் வீட்டில் ஓர் எழுத்தாளர்

கால்வினோ பிறந்தது இத்தாலியில் இல்லை. 1923 அக்டோபர் 15 அன்று, கியூபாவில் ஹவானாவுக்குப் பக்கத்தில். அப்பா மாரியோ கால்வினோ அங்கே வேளாண் விஞ்ஞானியாக வேலை பார்த்தார். அம்மா ஈவா மமேலி தாவரவியலாளர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை சொந்த நாட்டை மறந்துவிடக் கூடாது என்று 'இடாலோ' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. பெயர் மட்டும், நம் ஊரில் ஒருவருக்கு 'இந்தியன்' என்று பெயர் வைத்த மாதிரி, கொஞ்சம் ஓவராக ஒட்டிக்கொண்டது.

சான்ரெமோ வீடே ஒரு மலர் ஆராய்ச்சி நிலையம். அவகாடோ, கிரேப்ஃப்ரூட் மாதிரி வெளிநாட்டுச் செடிகளை அப்பா அந்த மண்ணில் வளர்த்துப் பார்த்தார். தம்பி ஃப்ளோரியானோ பிற்காலத்தில் நிலவியலாளர் ஆனார். இந்தக் குடும்பத்தில் இலக்கியம் என்று போவது, டாக்டர் குடும்பத்தில் ஒரு பையன் விஸ்காம் படிக்கப் போவது மாதிரி. அதனால் 1941-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் அவரும் ஒழுங்காக வேளாண்மைப் படிப்பில்தான் சேர்ந்தார்.

அதைப் போர் நிறுத்தியது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் நாட்டின் வடபகுதியை ஜெர்மன் படை பிடித்துக்கொண்டது. முசோலினியின் பொம்மை அரசு இளைஞர்களை ராணுவத்துக்குக் கட்டாயமாக அழைத்தது. கால்வினோ போகவில்லை. கொஞ்ச நாள் ஒளிந்திருந்தார். பிறகு தம்பியோடு சேர்ந்து, கம்யூனிஸ்டுகள் நடத்திய கரிபால்டி படைப்பிரிவில் சேர்ந்து மலைக்குப் போனார். இயக்கத்தில் அவர் பெயர் சந்தியாகோ. பிறந்த ஊரின் பெயர் அது.

மகன்கள் மலையில் இருக்கிறார்கள் என்பதற்காகப் பெற்றோரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துவைத்தார்கள். அம்மாவின் கண்முன்னே அப்பாவை நிறுத்தி, சுடப்போவதாக நாடகம் ஆடினார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அப்போது கால்வினோவுக்கு 21 வயது. இதைப் பற்றி அவர் பிற்காலத்தில் மிகக் குறைவாகத்தான் எழுதினார். 'தப்பித்து ஓடிய எழுத்தாளர்' என்று அவரைச் சொல்வதற்கு முன்பு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யதார்த்தம் கைகொடுக்காத இடம்

போர் முடிந்தது. வேளாண்மையை விட்டுவிட்டு டூரினில் இலக்கியம் படித்தார். கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் எழுதினார், எய்னாவுதி பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்தாளர் செஸாரே பவேஸே அவருக்கு அங்கே கிடைத்த மூத்த நண்பர். 1950-ல் அவர் தற்கொலை செய்துகொண்டது கால்வினோவைப் பெரிதாக உலுக்கியது.

முதல் நாவல் 'சிலந்திக் கூடுகளின் பாதை' 1947-ல் வந்தது. அது மலைப் போராட்டத்தைப் பற்றியது. ஆனால் ஹீரோ போராளி இல்லை; ஒரு ஜெர்மன் மாலுமியின் துப்பாக்கியைத் திருடும் பின் என்ற தெருப் பையன். அவன் கண்ணில் படும் போராளிகள் போஸ்டர் வீரர்கள் அல்ல. சமையல்காரன், திருடன், வேறு போக்கிடம் இல்லாதவன் என்று ஒரு கலவையான கூட்டம்.

அடுத்து என்ன? அந்தக் காலத்தில் ஓர் இடதுசாரி எழுத்தாளர் தொழிலாளர் வாழ்க்கையை நேரடியாக, யதார்த்தமாக எழுத வேண்டும். அவரும் எழுதிப் பார்த்தார். நாவல் நாவலாக முயன்றார். எதுவும் அவருக்கே திருப்தியாக வரவில்லை. வெறுத்துப்போய் 1951-ல் வேடிக்கைக்காக ஒரு கதை எழுதினார். பீரங்கிக் குண்டு பட்டு ஒரு பிரபு நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுகிறார். கெட்ட பாதி முதலில் ஊருக்கு வந்து அட்டகாசம் செய்கிறது. பிறகு நல்ல பாதி வருகிறது. அதன் ஓயாத நல்ல தனத்தையும் ஊர்மக்களால் தாங்க முடியவில்லை! உலகமே அமெரிக்கா, சோவியத் என்று இரண்டு பாதியாக நின்று, இரண்டும் தன்னையே முழுசு என்று சொல்லிக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம் அது. தொழிலாளர் நாவல்களில் சொல்ல முடியாததை இந்தப் பிளந்த பிரபு சொல்லிவிட்டார்.

1956-ல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்தது. கால்வினோ 1957 ஆகஸ்டில் கட்சியிலிருந்து விலகினார். அதே வருடம் வந்த நாவல் 'மரங்களில் வாழ்ந்த பிரபு'. நத்தைக் குழம்பு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து மரத்தில் ஏறும் 12 வயதுப் பையன், சாகும்வரை தரையில் கால் வைப்பதில்லை. ஆனால் அவன் ஊரை விட்டு ஓடிவிடுவதும் இல்லை. மேலே இருந்தபடியே படிக்கிறான், காதலிக்கிறான், காட்டுத்தீயை அணைக்க ஆட்களைத் திரட்டுகிறான். கட்சியை விட்டு வெளியே வந்த ஒருவர் சமூகத்தை விட்டு வெளியே போகாமல் இருப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைத்த இடம் மரம்.

பில்டர் மட்டும்தான் வில்லனா?

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 1950-களின் இறுதியில் இத்தாலிக்குப் பணம் வந்தது. 1958 முதல் 1963 வரையிலான காலத்தைப் 'பொருளாதார அதிசயம்' என்றே சொல்வார்கள். கார், ஃபிரிட்ஜ், டிவி, கூடவே கடற்கரையில் ஒரு ஃபிளாட். சான்ரெமோ இருக்கும் கரையோரம் முழுக்க வரிசையாகக் கட்டடங்கள் எழுந்தன. ராபல்லோ என்ற ஊரின் பெயரிலிருந்து, கடற்கரையைக் கான்கிரீட்டால் மூடுவதற்கென்றே இத்தாலிய மொழியில் ஒரு புதுச் சொல் உருவானது.

'கட்டட ஊக வணிகம்' இதைப் பற்றி நேரடியாகப் பேசும் கதை. கைஸோட்டி என்ற பில்டர் சொன்ன தேதியில் பணம் தருவதில்லை, வேலையை இழுத்தடிக்கிறார், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மதிப்பதில்லை. ஃபிளாட் புக் செய்துவிட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் யாருக்கும் இந்த ஆள் பழக்கமானவராகத்தான் தெரிவார். ஆனால் கதையின் கூர்மை பில்டரை நோக்கி இல்லை. படித்த மூத்த மகன் குவிந்தோவை நோக்கி. எது தப்பு என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும், காலத்தோடு ஓடினால்தான் புத்திசாலி என்று தன்னையே நம்பவைத்துக்கொள்கிறான். கடைசியில் கட்டடத்தின் நிழல் அம்மாவின் செடிகள் மீது விழுகிறது.

அடுத்த வருடமே 'புகைமூட்டம்'. அதில் வரும் இளைஞனுக்கு ஒரு பத்திரிகையில் வேலை கிடைக்கிறது. பத்திரிகையின் பெயர் 'தூய்மை'. வேலை, நகரக் காற்று மாசுக்கு எதிராக எழுதுவது. அந்தப் பத்திரிகையை நடத்தும் அமைப்பின் தலைவர்தான், நகரத்தில் புகை கக்கும் ஆலைகளின் முதலாளி. இதை 1958-லேயே எழுதிவிட்டார். கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு வார்த்தை பிடித்துக்கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கதையைத் தேடிப் பிடித்துப் படிக்கலாம்.

1963-ல் வந்த 'மார்கோவால்டோ' இன்றும் இத்தாலியப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் புத்தகம். கிராமத்து மனசோடு தொழில் நகரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கூலித் தொழிலாளியின் 20 குட்டிக் கதைகள். எல்லாமே காமெடி, எல்லாமே வலிக்கும். நகரத்து உணவில் எல்லாம் கலப்படம் என்று பயந்து, சுத்தமான நீலத் தண்ணீர் ஓடும் ஆற்றுவளைவைத் தேடிக் கண்டுபிடித்து மீன் பிடிக்கிறான். ஆறு ஏன் நீலமாக இருக்கிறது? மேலே ஒரு பெயின்ட் ஃபேக்டரி. இன்னொரு கதையில் கையில் காசில்லாத குடும்பம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், எல்லோரையும் போல டிராலியை மட்டும் நிரப்பிப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்கிறது. நிரப்ப ஆரம்பித்த கை நிற்கவில்லை. எந்தப் பொருளையும் திருப்பி வைக்க மனசு வரவில்லை. ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்டை நிரப்பிவிட்டு அப்படியே மூடிவைக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் கதை நன்றாகவே புரியும்.

அதே வருடம் வந்த இன்னொரு சின்னப் புத்தகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 'ஒரு வாக்குச்சாவடி முகவரின் நாள்'. டூரினில் கத்தோலிக்கர்கள் நடத்தும் ஒரு பெரிய ஆதரவற்றோர் இல்லம். உடல், மன வளர்ச்சி குன்றியவர்கள் ஏராளமானோர் அங்கே இருந்தார்கள். தேர்தல் நாளில் அவர்களின் ஓட்டுகளும் ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குப் போடவைக்கப்படுவதாகப் புகார். முறைகேட்டைப் பிடிக்க கம்யூனிஸ்ட் கட்சி ஒரு முகவரை அனுப்புகிறது. அவன் ஆட்சேபம் தெரிவிக்கிறான், சண்டை போடுகிறான். பிறகு ஒரு வார்டில், மாற்றுத்திறனாளி மகனைப் பார்க்க வந்த கிராமத்து அப்பா, பாதாம் கொட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து மகனிடம் கொடுப்பதைப் பார்க்கிறான். மகன் மெல்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய ஓட்டு செல்லும் என்று கேட்க வந்தவனுக்கு, மனுஷன் என்பதன் எல்லை எது என்ற கேள்வி வந்துவிடுகிறது. கால்வினோ அந்த இல்லத்துக்கு 1953 தேர்தலின்போது போனவர். புத்தகம் முடியப் பத்து வருடம் ஆனது. அதன் பிறகு இந்த மாதிரி நேரடியான யதார்த்தக் கதைக்கு அவர் திரும்பவே இல்லை என்று சொல்லலாம்.

சரி, இதில் பின்நவீனத்துவம் எங்கே?

சுருக்கமாக: வரலாறு முன்னோக்கிப் போகிறது, அறிவியல் எல்லாவற்றையும் சரிசெய்யும், கட்சி வழிகாட்டும் என்ற பெரிய கதைகள் மீது நம்பிக்கை தளர்ந்த காலத்தின் இலக்கியம் அது. அதனால் தன்னையே சந்தேகப்படும் இலக்கியம். நான் வெறும் கதைதான் என்று கதையே வாசகரிடம் ஒப்புக்கொள்ளும்; துண்டு துண்டாக வரும்; பழைய கதைகளைக் கலைத்து விளையாடும். கால்வினோவுக்கு இது புத்தகத்தில் படித்த தியரி இல்லை. கட்சி என்ற கதையை நம்பித் துப்பாக்கி எடுத்தவர், அதை 1957-ல் விட்டுவிட்டு வந்தவர். வளர்ச்சி என்ற கதை தன் வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்தது என்று பார்த்தவர்.

1964-ல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எஸ்தர் சிங்கரை ஹவானாவில் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பயணத்தில் சே குவேராவையும் சந்தித்தார். அடுத்த வருடம் மகள் ஜொவான்னா பிறந்தாள். 1967-ல் குடும்பம் பாரிஸுக்குப் போனது. அங்கே ஊலிப்போ என்ற குழுவோடு சேர்ந்தார். கணிதக் கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டு இலக்கியம் எழுதும் கூட்டம் அது.

1972-ல் 'புலப்படாத நகரங்கள்'. மார்கோ போலோ, குப்ளாய் கானிடம் 55 நகரங்களைப் பற்றிச் சொல்கிறார். எல்லா நகரங்களுக்கும் பெண் பெயர். கேட்டால் அரேபியக் கதை மாதிரி இருக்கும். உள்ளே போனால் 20-ம் நூற்றாண்டு நாறும், நிஜமாகவே.

லியோனியா என்ற நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தினமும் காலையில் எல்லாம் புதுசு. புது விரிப்பு, புது சோப்பு, புது டப்பா. நேற்றைய பொருள் எல்லாம் பிளாஸ்டிக் பையில் வாசலில். எவ்வளவு புதுசாக வாங்குகிறார்கள் என்பதில் இல்லை, எவ்வளவு தூக்கிப்போடுகிறார்கள் என்பதில்தான் அந்த ஊரின் பணக்காரத்தனம். குப்பை போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது ஊரைச் சுற்றி மலையாக வளர்கிறது. பொருள்களை எவ்வளவு தரமாகத் தயாரிக்கிறார்களோ அவ்வளவுக்கு அவை மக்காமல் நிற்கின்றன. பக்கத்து நகரங்களும் தங்கள் குப்பையை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுகின்றன. ஒரு நாள் சரியப்போகிறது.

ட்ரூட் என்று இன்னொரு நகரம். விமானத்தில் போய் இறங்கினால், விமான நிலையத்தின் பெயரைத் தவிர எல்லாம் கிளம்பிய ஊர் மாதிரியே. அதே புறநகர், அதே பெயர்ப்பலகை, அதே ஹோட்டல் பேச்சு. பென்தஸிலியாவில் புறநகர் மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் நகரத்துக்குள் வந்துவிட்டோமா, தாண்டிவிட்டோமா என்று தெரியாது.

சான்ரெமோ பற்றிய குறுநாவல் ஒரு ஊரின் ஊழலைச் சொன்னது. லியோனியாவுக்கு ஊர் தேவைப்படவில்லை. பிரச்னை ஒரு பில்டரையோ ஒரு நகராட்சியையோ தாண்டி, நாம் வாழும் முறையாகவே மாறிவிட்டபோது எந்த ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுவது? பெயரை எடுத்துவிட்டார். அது ஓடுவது இல்லை. கேமராவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துவது.

குண்டும் போலிப் புத்தகமும்

இருந்தாலும் குற்றச்சாட்டு முழுப் பொய்யும் இல்லை. 1969 டிசம்பர் 12 அன்று மிலன் நகர வங்கி ஒன்றில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். பழி முதலில் அரசு எதிர்ப்பாளர்களான அனார்க்கிஸ்டுகள் மீது விழுந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் தீவிர வலதுசாரிகள் என்பது நீதிமன்றங்களில் உறுதியாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1978-ல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை இடதுசாரி ஆயுதக் குழுவான செம்படையினர் கடத்தி 55 நாள் வைத்திருந்து கொன்றார்கள். இந்த வருடங்களில் பெரும்பாலும் கால்வினோ பாரிஸில் இருந்தார். பத்திரிகைகளில் எழுதினார்தான். ஆனால் இந்த ரத்தத்தை நேராகச் சொல்லும் ஒரு நாவல் அவரிடமிருந்து வரவில்லை. அது ஒரு குறைதான்.

வந்தது 1979-ல் 'குளிர்கால இரவில் ஒரு பயணி'. நீங்கள் ஒரு நாவலைப் படிக்க ஆரம்பிக்கிறீர்கள்; அச்சுப் பிழையால் பாதியில் நின்றுவிடுகிறது. மாற்றிக் கேட்டால் வேறொரு நாவல் வருகிறது, அதுவும் நின்றுவிடுகிறது. இப்படிப் பத்து ஆரம்பங்கள். கலவரம் செய்வது ஒரு மோசடி மொழிபெயர்ப்பாளன். பின்னால் ஒரு சர்வாதிகார நாடு வருகிறது. அங்கே தடைசெய்த புத்தகங்கள் போலி அட்டையோடு உலவுகின்றன, போலீஸ் யார், புரட்சிக்காரர் யார் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. எழுத வராமல் தவிக்கும் பிரபல எழுத்தாளரிடம், அவர் பாணியிலேயே கம்ப்யூட்டர் நாவலை முடித்துத் தரும் என்று ஒரு நிறுவனம் வருகிறது. ஒரு பெண் நாவலைப் படிப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் போட்டு எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற பட்டியலை மட்டும் பார்க்கிறாள். சாட்பாட்டிடம் சுருக்கம் கேட்கும் நமக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை.

குண்டு வைத்தது யார் என்று பத்து வருடமாக ஒரு நாட்டுக்கே தெரியாதபோது, எந்தக் கதையும் முடிவு வரை போகாத ஒரு நாவல் அந்த நாட்டின் கதையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் உறுத்தும். அந்த 'நீங்கள்' ஓர் ஆண். புத்திசாலியான வாசகி லுட்மிலா, அவன் துரத்தும் பெண்ணாகவே நிறைய இடங்களில் நின்றுவிடுகிறாள். பெண் விமர்சகர்கள் இதைக் கேட்காமல் விடவில்லை.

1980-ல் ரோமுக்குத் திரும்பினார். அந்த மார்ச்சில் 'லா ரெபுப்ளிகா' நாளிதழில் ஒரு குட்டிக் கட்டுரை. எல்லோரும் சட்டத்தை மீறியே நிம்மதியாக வாழும் ஒரு நாடு. அரசியலுக்குப் பணம் வருவதும் அந்த வழியில்தான். பிரச்னை, கொஞ்சம் பேர் மட்டும் நேர்மையாக இருந்து தொலைப்பது. கொள்கைக்காக இல்லை, பழக்கதோஷத்தால்! இத்தாலியில் ஊழல் செய்தி வரும்போதெல்லாம் யாராவது இந்தக் கட்டுரையைத் தேடி எடுப்பது வழக்கமாகிவிட்டது.

1985-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஆறு உரைகளுக்கு அழைத்திருந்தது. ஐந்தை முடித்திருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் கடற்கரை வீட்டில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. செப்டம்பர் 19 அன்று சியானா நகர மருத்துவமனையில் இறந்தார். வயது 61.

அவர் இறந்தபின், 1990-ல், நினைவுக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் ஒன்று அப்பாவைப் பற்றியது. அவர் மலைமேல் இருந்த நிலத்துக்குத் தினமும் நடந்து போவார். விளைந்த காய்கறியையும் பழத்தையும் கூடைகளில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மகன்கள் வேண்டாவெறுப்பாகத் தூக்கி வருவார்கள். அதே தொகுப்பில் இன்னொரு கட்டுரை, பாரிஸ் வீட்டைப் பற்றியது. வீட்டு வேலையில் தனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அதில் ஒப்புக்கொள்கிறார்: ராத்திரி சமையலறைக் குப்பையை எடுத்துப்போய்ப் பெரிய தொட்டியில் கொட்டி, அதை வாசலில் வைப்பது. விடிவதற்குள் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் லாரியில் வந்து அதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.